50 லிட்டர் கடலில் மணல் மாற்றுவது எப்படி

என் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். கணக்குப் போட்டால் 65 லிட்டர் வரும். கல், மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் கழித்தால் உள்ளே இருப்பது 50 லிட்டர் உப்புநீர். அதில் ஒரு ஜோடி க்ளௌன் மீன்கள், ஒரு மஞ்சள் கோபி மீன், அந்தக் கோபியோடு ஒரே வளையில் குடியிருக்கும் பிஸ்டல் இறால், சில நத்தைகள், கல்லில் ஒட்டி வளரும் மூன்று வகைப் பவளங்கள்.

தொட்டி அமைத்த புதிதில் அடியில் பவளக் குறுணை போட்டிருந்தேன். 3 முதல் 5 மி.மீ. வரையுள்ள துண்டுகள், 5 செ.மீ. உயரத்துக்கு. நான்காவது வருடம் அதை மாற்ற வேண்டி வந்தது. ஒரு விடுமுறை நாள் மதியம் அவசரப்பட்டு ஆரம்பித்து, மூன்றில் ஒரு பங்கை எடுப்பதற்குள் பெரிய இழப்பைச் சந்தித்தேன். மீதியை ஆறு வாரம் எடுத்து மாற்றினேன். அதில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. பெரிய தொட்டியில் ஒரு தவறு நடந்தால் அதைக் கரைத்துவிட நிறையத் தண்ணீர் இருக்கும். நம் தொட்டியில் அது இல்லை. அதனால்தான் சின்னத் தொட்டிக்கென்று தனியாக இதை எழுதுகிறேன்.

எப்போது மாற்றலாம், எப்போது வேண்டாம்

பழசாகிவிட்டது என்பதற்காக மட்டும் மணலைத் தொடாதீர்கள். மேலே பழுப்புப் படலம் படிவது, கண்ணாடி ஓரத்தில் பச்சைக் கோடு தெரிவது, மணலுக்குள் சின்னக் குமிழிகள் இருப்பது, இதெல்லாம் மாற்றுவதற்கான காரணம் இல்லை. கண்ணாடி ஓரத்தில் வெளிச்சம் உள்ளே இறங்குவதால் அங்கே பாசி வளர்கிறது. அவ்வளவுதான்.

என்னை யோசிக்க வைத்தது நைட்ரேட், அதாவது கழிவும் தீனியும் சிதைந்து கடைசியில் தண்ணீரில் தங்குவது. வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றியும் அது லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவில்லை. தீனியைப் பாதியாக்கினேன், அப்போதும் அப்படியே. பாஸ்பேட்டும் குறையவில்லை. பவளக் குறுணை, பவள மணல் இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். அது பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரில் பாஸ்பேட் குறையும்போது மெல்ல மெல்லத் திருப்பி விடும். அதனால்தான் தீனியைக் குறைத்த பிறகும் சோதனையில் எண் மாறாமல் நிற்கிறது.

உங்கள் தொட்டியின் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரையே இழுத்துக்கொண்டு, மணலுக்குள் ஒரு செ.மீ. ஆழத்தில் மெதுவாகப் பீய்ச்சுங்கள். ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை. கொஞ்சம் தூசி எழும்பி அரை நிமிடத்தில் அடங்கினால் மேற்பரப்பைச் சுத்தம் செய்தால் போதும். புகை மாதிரி சாம்பல் நிறக் கசடு கிளம்பி அடங்கவே நேரம் எடுத்தால், உள்ளே வருடக்கணக்கில் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இரண்டாவதுதான் வந்தது.

கருப்புத் திட்டுகளைப் பார்த்தால் இன்னும் நிதானம் வேண்டும். ஆக்ஸிஜன் போகாத அடுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. அது இரும்போடு சேரும்போது அந்தக் கருப்பு நிறம் வருகிறது. அழுகிய முட்டை நாற்றமும் அதனுடையதுதான். கலைக்காமல் இருக்கும் வரை ஒரு சின்னத் திட்டு தொட்டிக்குக் கெடுதல் செய்யாது. கிளறினால் செய்யும்.

மணல் பாளம் பாளமாக இறுகிப் போவது மாற்றுவதற்கு இன்னொரு காரணம். கால்சியமும் ஆல்கலினிட்டியும் (தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு) அளவுக்கு மீறிச் சேர்த்தால் சுண்ணாம்பு படிந்து மணல் ஒட்டிக்கொள்ளும். அதை உடைத்துப் பயன்படுத்த முயலாமல் எடுத்துவிடுவதே நல்லது. ஆனால் சேர்க்கும் அளவைச் சரிசெய்யாமல் மணலை மட்டும் மாற்றினால் புது மணலும் அப்படியே இறுகும்.

பருமன்தான் முதலில்

மணலை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது பருமன்.

பவளக் குறுணையின் சிக்கல் அதன் இடுக்குகள். 3 மி.மீ. துண்டுகளுக்கு நடுவே தீனித் துணுக்கும் மீன் கழிவும் எளிதாக இறங்கிவிடும். இறங்கியதை எட்டி எடுக்க நத்தையாலும் முடியாது, நீரோட்டத்தாலும் முடியாது. மேலே பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அடியில் குப்பை சேர்ந்துகொண்டே போகும். பார்ப்பதற்குச் சுத்தமாக இருப்பதால் வருடக்கணக்கில் நம் கவனத்துக்கே வராது. சின்னத் தொட்டிக்குப் பவளக் குறுணையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்த எல்லை, மாவு மாதிரியான பொடிமணல். அரை மி.மீ.க்கும் கீழே. பார்க்க அழகு, கடற்கரை மாதிரியே இருக்கும். குப்பை உள்ளே இறங்காமல் மேலேயே தங்குவதால் எடுப்பதும் எளிது. ஆனால் பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) ஓடும் தொட்டியில் அது ஒரு இடத்தில் நிற்காது. ஒரு மூலையில் குவியும், இன்னொரு மூலையில் வெறும் கண்ணாடி தெரியும், பவளங்கள் மேல் தூசியாகப் படியும். 50 லிட்டரில் எந்த மூலையுமே நீரோட்டத்துக்குத் தப்பாது. பவளம் இல்லாமல் மெல்லிய ஓட்டத்தில் மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு அது சரியாக வரும்.

நடுவில் இருப்பது 1 முதல் 2 மி.மீ. வரையிலான மணல். நீரோட்டத்தில் பறக்காது, குப்பையை ஆழத்துக்கு விடாது, தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயில் கொஞ்சம் எழும்பி மறுபடி கீழே விழுந்துவிடும். பவளம் வைத்திருக்கும் சின்னத் தொட்டிக்கு வேறு யோசனையே வேண்டாம். இதை எடுங்கள்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம்

அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளங்களின் எலும்புக்கூடு அதனால்தான் ஆனது. கடலடி மணல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். வாங்கிய மணல் கார்பனேட்தானா என்று பார்க்க ஒரு சிட்டிகையை வினிகரில் போடுங்கள். நுரைத்தால் கார்பனேட்.

அரகோனைட் போட்டால் பிஎச் தானாகவே நிற்கும் என்று சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். தொட்டித் தண்ணீரின் பிஎச் 8-க்கு மேல் இருக்கும்போது அந்த மணல் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. படுகையின் ஆழத்தில், பாக்டீரியா வெளியிடும் கார்பன் டை ஆக்சைடால் பிஎச் இறங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கரையும். 3 செ.மீ. மணலில் அது எண்ணத்தக்க அளவு கிடையாது. ஆல்கலினிட்டியைத் தண்ணீர் மாற்றித்தான் காப்பாற்ற வேண்டும்.

சிலிக்கா மணல் போட்டால் பழுப்புப் பாசி வரும் என்ற பயம் பலருக்கு உண்டு. குவார்ட்ஸ் மணல் தொட்டியில் மிக மிக மெதுவாகத்தான் கரையும். புது அரகோனைட் போட்ட தொட்டியிலும் அந்தப் பாசி வருகிறது. நான் சிலிக்காவைத் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு. கட்டட வேலைக்கும் ஃபில்டருக்கும் விற்கப்படும் மணலில் கூர்மையான விளிம்புகள் இருக்கலாம். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே துப்பும் மீன்களுக்கு அது ஆகாது.

கருப்பு மணல் பிடிக்குமென்றால் வாங்கும் முன் காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் வேண்டாம். பம்பின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதைத் தேய்த்துவிடும். கடற்கரையிலிருந்து நீங்களே அள்ளி வருவதும் வேண்டாம். அதில் எண்ணெய், சாக்கடை, உலோகம் எது கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பல இடங்களில் சட்டமும் அனுமதிப்பதில்லை.

பையில் ஈரமாக வரும் லைவ் மணலை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிக்கு நான் வாங்க மாட்டேன். அதன் பயன் பாக்டீரியா. உங்கள் கற்களில் அது வேண்டிய அளவு இருக்கிறது. பழைய மணலின் மேற்பரப்பிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால் புது மணலுக்கு அதுவே விதை.

யார் குடியிருக்கப் போகிறார்கள்

மணலை நாம் பார்க்கிறோம், அவை அதில் வாழ்கின்றன. அதனால் கடைசி முடிவை உங்கள் உயிரினங்களைப் பார்த்து எடுங்கள்.

நசேரியஸ் நத்தை உடலை முழுக்கப் புதைத்துக்கொண்டு மூச்சுக்குழலை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கு 2, 3 செ.மீ. மெல்லிய மணல் வேண்டும். மணலில் வளை தோண்டும் ஜாஃபிஷ் மீனுக்கு இதைவிட மூன்று மடங்காவது ஆழமும், சுவர் கட்டக் கல் துண்டுகளும் வேண்டும். அந்த ஆழத்தை 50 லிட்டரில் கொடுத்தால் தண்ணீருக்கே இடம் இருக்காது. ஆகவே ஜாஃபிஷ் வேண்டாம். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் மீன்களும் அப்படித்தான். பவளம் மட்டும் அதிகமாக வைத்து, வேகமான நீரோட்டம் கொடுப்பவர்கள் மணலே போடாமல் வெறும் கண்ணாடியாக விடுவதும் நல்ல முடிவுதான். கழுவுவது சுலபம்.

என் வீட்டில் முடிவெடுத்தது பிஸ்டல் இறால். அதற்குக் கண் பார்வை மங்கல். வளையைத் தோண்டுவதும் பராமரிப்பதும் அது, வாசலில் காவல் நிற்பது கோபி. மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது இறால் தன் மீசையில் ஒன்றைக் கோபியின் உடலில் வைத்தபடியே இருக்கும். ஆபத்து தெரிந்தால் கோபி வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே போய்விடும். இந்த வளை வெறும் பொடிமணலில் நிற்காது, சரிந்து மூடிக்கொள்ளும். மணலோடு 5 முதல் 15 மி.மீ. வரையுள்ள பவளத் துண்டுகளும் சிப்பி ஓடுகளும் கலந்திருந்தால் இறால் அவற்றைத் தூணாகவும் கூரையாகவும் அடுக்கிக்கொள்ளும். அதனால் 1–2 மி.மீ. மணலை எல்லா இடத்திலும் போட்டு, பெரிய கல்லின் காலடியில் மட்டும் இரண்டு கைப்பிடி துண்டுகளைக் கலந்தேன்.

மணலைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி மணல் சலிக்கும் நட்சத்திர மீனையோ, வாயில் மணலை அள்ளிச் சலிக்கும் பெரிய கோபியையோ சின்னத் தொட்டிக்கு வாங்காதீர்கள். இதை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மணலில் உள்ள சின்னஞ்சிறு உயிரினங்களை அவை சில வாரங்களில் தின்று தீர்த்துவிடும். அப்புறம் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும்.

எவ்வளவு வாங்க வேண்டும்

நீளத்தையும் அகலத்தையும் மணலின் உயரத்தையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். காய்ந்த அரகோனைட் மணல் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ. என் தொட்டிக்கு 60 × 30 × 3 என்றால் 5.4 லிட்டர், அதாவது 8 கிலோ. கல் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கழித்து 7 கிலோ போட்டேன்.

உயரம் 2 முதல் 3 செ.மீ. போதும். 10 செ.மீ.க்கு மேல் ஆழமாகப் போட்டு நைட்ரேட்டைக் குறைக்கும் முறை ஒன்று உண்டு. அது பெரிய தொட்டிக்கானது. இரண்டுக்கும் நடுவில் 5, 6 செ.மீ. போடுவதுதான் மோசம். சுத்தம் செய்ய வசதியில்லாத ஆழம், அந்த முறை வேலை செய்யப் போதாத ஆழம். நான் நான்கு வருடம் வைத்திருந்தது அதைத்தான்.

எடுப்பது

அந்த விடுமுறை நாள் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன்கள் உள்ளே இருக்கும்போதே ஒரு சின்ன முறத்தால் இடது ஓரத்திலிருந்து குறுணையை அள்ளி வாளியில் போட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் சாம்பல் நிறமாகிப் பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. முட்டை நாற்றம் அறை முழுவதும் பரவியது. கோபி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அந்த மீன் அதற்கு முன் ஒருநாளும் தரையை விட்டு எழும்பியதில்லை. அப்போதே நிறுத்தினேன். கையில் தயாராக இருந்த உப்புநீர் 10 லிட்டர்தான், அதை மாற்றினேன். மறுநாள் காலை கோபி வளை வாசலில் கிடந்தது. அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டியது. க்ளௌன் மீன்களும் இறாலும் பிழைத்தன. என் அவசரத்தால் போன அந்த மீனை இன்னும் மறக்கவில்லை.

அம்மோனியா உப்புநீரில் கூடுதலாகக் கொல்வதற்குக் காரணம் பிஎச். அம்மோனியாவில் நஞ்சாக வேலை செய்யும் பகுதி, பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. நன்னீர்த் தொட்டியில் தாங்கிக்கொள்ளும் அளவு இங்கே தாங்காது.

மீதி இருந்த மூன்றில் இரண்டு பங்கை எப்படி எடுத்தேன் என்று இப்போது சொல்கிறேன். இதையே செய்யுங்கள்.

முந்தைய நாளே 12 லிட்டர் உப்புநீர் கலக்கி, பம்பும் ஹீட்டரும் போட்டு வைத்தேன். உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் தொட்டியில் உள்ளது போலவே 25 டிகிரி. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு தண்ணீரையும் பார்த்து ஒப்பிட்ட பிறகே ஆரம்பிப்பேன். தண்ணீர் மட்டம் இறங்கும்போது கண்ணாடி ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடித்துவிடும். அதனால் ஹீட்டர், பம்பு இரண்டின் ப்ளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் கையைத் தண்ணீரில் விடுவேன். மின்சாரமும் உப்புநீரும் சேரும் இடத்தில் சுவிட்சை மட்டும் நம்புவது போதாது.

கருவி, 16 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் குழாய். இதைவிடச் சின்னதில் குறுணை அடைத்துக்கொள்ளும். இதைவிடப் பெரியதில் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும். 16 மி.மீ.யிலேயே 10 லிட்டர் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். அதனால் குழாயின் கீழ் முனையை என் மகள் வாளிக்குள் பிடித்துக்கொண்டு, நான் சொல்லும்போதெல்லாம் மடக்கி நிறுத்தினாள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

ஒரு வாரத்துக்கு ஒரு பட்டை, 7 செ.மீ. அகலம். அதற்கு மேல் இல்லை. எடுக்கப்போகும் பட்டைக்கும் மீதி மணலுக்கும் நடுவே ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை அடிவரை மெதுவாக இறக்கினேன். அது அணை. இல்லையென்றால் எடுக்க எடுக்கப் பக்கத்து மணல் சரிந்து வந்துகொண்டே இருக்கும், கசடும் கூடவே கிளம்பும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து கீழாக உறிஞ்ச வேண்டும். பக்கவாட்டில் உழக்கூடாது. கண்ணாடி தெரிந்ததும் குழாயை அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம். இப்படிச் செய்தால் கசடு எழும்பும் முன்பே குழாய்க்குள் போய்விடும். முறத்தால் அள்ளுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

குழாய்க்குள் நுழையாத பெரிய துண்டுகளுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. தண்ணீருக்குள்ளேயே துண்டை உள்ளே தள்ளி, அங்கேயே மூடி, பிறகு வெளியே எடுங்கள்.

10 லிட்டர் ஆனதும் நிறுத்துங்கள், பட்டை பாதியிலேயே நின்றாலும் சரி. வாளித் தண்ணீரை வடிகட்டித் திரும்ப ஊற்ற ஆசை வரும். வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் கசடை வடிகட்டலாம், கரைந்திருக்கும் அம்மோனியாவை வடிகட்ட முடியாது. ஆனால் வாளியைக் கொட்டும் முன் நன்றாகத் தேடுங்கள். எனக்கு ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு நசேரியஸ் நத்தைகள் கிடைத்தன. முள் புழுக்களும் வரும், அவற்றை வெறும் கையால் தொடாதீர்கள். முட்கள் தோலில் இறங்கினால் எரியும்.

கற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என் கற்கள் நேராகக் கண்ணாடி மேல் உட்கார்ந்திருக்கின்றன. உங்களுடையது மணல் மேல் நின்றால், அடியிலிருந்து மணலை உருவும்போது அது சரியும். மேலே உள்ள கல்லை முதலில் தொட்டித் தண்ணீர் நிரப்பிய டப்பில் மாற்றி, ஹீட்டரும் பம்பும் போட்டு வையுங்கள். திரும்ப வைக்கும்போது கண்ணாடி மேல் வைத்து, மணலை அதைச் சுற்றிப் போடுங்கள். தோண்டும் பிராணிகள் இருக்கும் தொட்டியில் மணல் மேல் கல் வைப்பது என்றைக்கிருந்தாலும் ஆபத்து.

ஒவ்வொரு பட்டைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அம்மோனியா பார்த்தேன். ஏதாவது காட்டினால் அடுத்த வாரம் எடுக்காமல் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்திருந்தேன். காட்டவில்லை. மணலிலும் பாக்டீரியா இருக்கிறது, எடுக்கும்போது அதில் ஒரு பங்கு போகிறது. வாரம் ஒரு பட்டை என்றால் கற்களில் உள்ளவை அந்த இடைவெளியில் பெருகி ஈடுகட்டிவிடும். அந்த ஆறு வாரமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தீனி.

கடைசிப் பட்டை இறாலின் வளை. அதை எடுக்கும் முன், மேற்பரப்பு மணல் ஒரு கிண்ணம் விதைக்காக எடுத்து, துளை போட்ட டப்பாவில் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். இறால் கல் இடுக்குக்குள் ஓடும் வரை ஒரு மணி நேரம் பொறுத்திருந்து, அதன் பிறகே குழாயை வைத்தேன்.

போடுவது

பட்டை எடுத்த இடத்தில் அன்றே புது மணல் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பழைய கசடு சரிந்து புதிதின் மேல் வரும். முழுவதும் எடுத்து முடித்து ஒரு வாரம் வெறும் கண்ணாடியாக ஓடவிடுங்கள். மிச்சம் மீதிக் கசடு ஃபில்டர் பஞ்சில் வந்து சேரும். இறாலுக்கு மட்டும் அந்த ஒரு வாரம் கல்லடியில் ஒரு சின்ன பிவிசி குழாய்த் துண்டு கொடுத்தேன், அதில் குடியிருந்தது.

காய்ந்த மணலைக் கழுவ வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர். வாளியில் போட்டு, குழாய்த் தண்ணீர் விட்டு, அடிவரை கையை விட்டுப் புரட்டி, வெள்ளைத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றி, மறுபடி. முதலில் பால் மாதிரி வரும். எனக்குப் பதினைந்து முறை ஆனது. வாளியின் அடி தெளிவாகத் தெரியும் வரை கழுவி, கடைசியில் ஒரு முறை ஆர்.ஓ. தண்ணீரில் அலசி வடித்துவிடுங்கள். பையில் ஈரமாக வரும் லைவ் மணலை வாங்கியிருந்தால் மட்டும் கழுவக்கூடாது.

பம்பை நிறுத்துங்கள். 40 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றை அடிக் கண்ணாடியில் முட்டும்படி நிறுத்தி, மேலே ஒரு புனல் வைத்து, ஈர மணலை ஒரு கோப்பை கோப்பையாக விடுங்கள். குழாயை மெல்லத் தூக்கினால் மணல் அடியிலேயே பரவும். தண்ணீர் மேலிருந்து கொட்டினால் எவ்வளவு கழுவியிருந்தாலும் கலங்கும், பவளங்கள் மேலேயும் விழும். விழுந்துவிட்டால் சிரிஞ்சால் மெதுவாக ஊதித் தள்ளுங்கள். பவளம் மணலை உதறக் கஷ்டப்படும்.

7 கிலோவையும் ஒரே நாளில் போடாமல் மூன்று தடவையாக, நான்கு நாள் இடைவெளியில் போட்டேன். போட்ட பின் ஒரு மணி நேரம் கழித்துப் பம்பைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். சட்டென்று முழு வேகத்தில் விட்டால் மிதக்கும் மணல் பம்பின் சுழலும் பாகமான இம்பெல்லருக்குள் போய்விடும். மூன்றாவது தடவை முடிந்ததும் எடுத்து வைத்த விதை மணலை மேலே தூவினேன். அப்போதும் லேசான வெள்ளைக் கலங்கல் இருந்தது. பஞ்சைத் தினமும் மாற்றியதில் மூன்றாம் நாள் தெளிந்தது.

அதன் பிறகு

முதல் பத்து நாள் தினமும் அம்மோனியா பாருங்கள். மீன் வேகமாக மூச்சு வாங்கினாலோ, தரையில் இருக்கும் மீன் மேலே வந்தாலோ சோதனைக்குக் காத்திருக்காமல் தண்ணீரை மாற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். அதனால்தான் இந்த நாட்களில் 20 லிட்டர் உப்புநீர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்கிறேன். அன்று எனக்கு இருந்தது அதில் பாதி.

இரண்டாவது வாரத்தில் புது மணல் மேல் பழுப்புப் படலம் வரும். பதறி மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். என் தொட்டியில் ஐந்து வாரத்தில் தானாகப் போனது. அதுவரை வாரம் ஒரு முறை மேலாகக் குழாயை ஓட்டி உறிஞ்சினேன். கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணல் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்துங்கள். ஒரு மணல் துகள் நடுவில் சிக்கினால் கண்ணாடியில் நிரந்தரக் கீறல்.

நைட்ரேட் இரண்டு மாதத்தில் 10-க்கு வந்தது. பாஸ்பேட் குறையக் கூடுதலாக நாள் எடுத்தது. மணல் போனாலும் கற்களும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருந்தன, அவை விட்டு முடிக்க வேண்டுமே.

புது கோபியை, அம்மோனியாவும், அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டும் தொடர்ந்து மூன்று வாரம் பூஜ்யம் காட்டிய பிறகே விட்டேன். விட்ட மறுநாள் இறாலின் வளை வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. இறாலின் மீசை அதன் வாலில் இருந்தது.

இப்போது ஒவ்வொரு வாரமும் தண்ணீர் மாற்றும்போது மணலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உறிஞ்சிச் சுத்தம் செய்கிறேன். குழாயை மணலுக்குள் அடிவரை இறக்கி, மணல் பாதி உயரம் எழும்பியதும் மடக்கி விழவிட வேண்டும். அடுத்த வாரம் அடுத்த பங்கு. பெரிய கல்லின் காலடியில் மட்டும் குழாயை இறக்குவதில்லை. அங்கே மணலைப் புரட்டும் வேலையை இறால் நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறது.